வெளிநாட்டு ஏழைகளுக்குச் சபையின் காணிக்கை: எந்த வழியில் கொடுப்பது?

சென்ற மாதம் வந்த கடிதங்களில் மூன்று, ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டன. தூத்துக்குடிப் பக்கம் ஒரு சபையின் பொருளாளர் எழுதியிருந்தார்: அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் 2 லட்சம் ரூபாயை ஆப்பிரிக்க ஏழைகளுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள், எப்படிக் கொடுப்பது என்று தெரியவில்லை. மெல்பர்னில் இருக்கும் ஒரு குடும்பம், மாதம் 50 டாலரை ஒரு குழந்தையின் படிப்புக்குக் கொடுப்பதா, நிவாரண நிதிக்குக் கொடுப்பதா என்று கேட்டது. சிங்கப்பூரின் ஒரு வாலிபர் ஐக்கியம், கம்போடியாவுக்குப் பத்து நாள் போய் அநாதை இல்லத்தில் ஊழியம் செய்யலாமா என்று கேட்டது.

நான் நாகப்பட்டினத்துக்காரன். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு உலகம் முழுவதிலிருந்தும் எங்கள் கரைக்கு உதவி வந்து குவிந்ததைக் கிட்ட இருந்து பார்த்தேன். அதனால் இந்தப் பேச்சு வந்தாலே கொடுக்கிறவரை விட வாங்குகிறவர்தான் எனக்கு முதலில் கண்ணில் படுவார். இந்த ஒப்பீட்டையும் அந்தப் பக்கத்தில் நின்றுதான் எழுதுகிறேன்.

## "நம்ம தெருவில் ஏழை இல்லையா?"

கமிட்டியில் இதை எடுத்தவுடன் யாராவது ஒருவர் இப்படிக் கேட்பார். நியாயமான கேள்விதான், தட்டிவிட வேண்டாம். ஆனால் யூதேயாவில் பஞ்சம் என்று கேள்விப்பட்ட அந்தியோகியா சபை, தன் தெருவில் ஏழைகள் தீர்ந்துபோகும் வரை காத்திருக்கவில்லை. திரட்டியதை பர்னபா, சவுல் கையில் கொடுத்து அனுப்பியது. பின்னாளில் எருசலேம் ஏழைகளுக்காகப் பவுல் திரட்டிய தர்மப்பணத்தில் மக்கெதோனியச் சபைகள் தங்கள் சக்திக்கு மிஞ்சிக் கொடுத்தன. அவர்களே கொடிய தரித்திரத்தில் இருந்தவர்கள். இந்த உதவியில் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று அவர்கள் வருந்திக் கேட்டுக்கொண்டதாகப் பவுல் எழுதுகிறார். ஆகவே ஏழை நாட்டுச் சபை இன்னொரு ஏழை நாட்டுக்குக் கொடுப்பது புதிய பழக்கம் அல்ல.

அந்தப் பணம் போன விதத்தையும் பாருங்கள். வாரத்தின் முதல் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார்கள். சபைகள் தேர்ந்தெடுத்த ஆட்கள் பணத்தோடு கூடப் போனார்கள். யாரும் குறை சொல்ல இடம் வைக்கக்கூடாது என்பதில் பவுல் அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தார். அந்தியோகியா அனுப்பியது அந்த ஊர் மூப்பர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. நான் கீழே வைக்கும் அளவுகோல்களில் பாதி இங்கிருந்தே வந்தவை.

## எதை வைத்து அளப்பது

முதலாவது, கொடுத்ததில் எவ்வளவு போய்ச் சேருகிறது. நாடு விட்டு நாடு சிறு தொகை அனுப்பவே உலக சராசரியாக 6 சதவீதத்துக்கு மேல் கரைகிறது. ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினால் இன்னும் அதிகம். ஆனால் ஓர் எச்சரிக்கை: நிர்வாகச் செலவு மிகக் குறைவு என்று விளம்பரம் செய்கிற அமைப்புதான் நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். நல்ல ஆடிட்டருக்கும், கிராமம் கிராமமாகப் போய்ப் பார்க்கிற ஆளுக்கும் சம்பளம் வேண்டும்.

இரண்டாவது, அங்கே முடிவெடுப்பது யார். மூன்றாவது, நாம் நாளைக்கே நிறுத்திவிட்டால் என்ன மிஞ்சும். நான்காவது, கணக்கு கேட்டால் வருமா.

ஐந்தாவது, சட்டம். இதைக் கடைசியாகப் பார்த்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இந்தியாவில் வசிக்கும் தனிநபர், ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம், நன்கொடையும் அதில் அடங்கும். ஆனால் அந்த நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை கிடைக்காது. சபை, டிரஸ்ட் என்றால் கதை வேறு. மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதி இல்லாமல் வெளிநாட்டில் செலவிட்டால் அந்தத் தொகைக்கு வரிவிலக்கு போய்விடும். சிங்கப்பூரில் வெளிநாட்டு உதவிக்காகப் பொதுமக்களிடம் வசூலிக்க பெர்மிட் வேண்டும். அமீரகத்தில் உரிமம் இல்லாதவர்கள் நிதி திரட்டவே கூடாது. வாட்ஸ்அப் குழுவில் கேட்பதும் அதில் சேரும்.

ஆறாவதாக ஒன்று, எனக்கு இது முக்கியம்: உதவிக்கு ஞானஸ்நானம் விலையாகக் கேட்கப்படுகிறதா? கஞ்சிக்காக மதம் மாறினவர்கள் என்ற ஏச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். குற்றுயிராகக் கிடந்தவனிடம் சமாரியன் எந்த ஜெப ஆலயத்தைச் சேர்ந்தவன் என்று விசாரிக்கவில்லை. 1994-இல் செஞ்சிலுவை இயக்கத்தோடு சேர்ந்து நிவாரணப் பணிக்கான நடத்தை விதிகளை எழுதியவர்களில் கத்தோலிக்க உதவி அமைப்பான காரித்தாஸ், லுத்தரன் உலகக் கூட்டமைப்பு, உலகத் திருச்சபைகள் மன்றம் ஆகியவையும் உண்டு. மதக் கருத்தைப் பரப்ப உதவியைக் கருவியாக்கக் கூடாது என்பது அதில் ஒரு விதி. நீங்கள் கொடுக்கும் அமைப்பு அதை ஏற்றிருக்கிறதா என்று கேளுங்கள்.

## வழி 1: குழந்தை ஆதரவு

அமெரிக்கப் போதகர்கள் இருவர் கொரியப் போர்க்காலத்தில் பார்த்த அநாதைக் குழந்தைகளிடமிருந்து இந்த முறை வளர்ந்தது. பாப் பியர்ஸ் 1950-இல் வேர்ல்ட் விஷனைத் தொடங்கினார், எவரெட் ஸ்வான்சன் 1952-இல் கம்பேஷன் அமைப்புக்கு விதை போட்டார். மாதாமாதம் ஒரு தொகை, ஒரு குழந்தையின் படம், வருடத்துக்குச் சில கடிதங்கள்.

இது பலன் தருகிறதா என்பதற்கு ஒழுங்கான ஆய்வு ஒன்று இருக்கிறது. கம்பேஷன் ஆதரித்த குழந்தைகள் பெரியவர்களான பிறகு, இந்தியா, கென்யா, உகாண்டா உட்பட ஆறு நாடுகளில், பொருளாதார அறிஞர் புரூஸ் வைடிக்கும் உடன் ஆய்வாளர்களும் 10,000-க்கும் மேற்பட்டவர்களை விசாரித்து 2013-இல் வெளியிட்டது. ஆதரவு பெற்றவர்கள் சராசரியாக ஒரு வருடத்துக்கு மேல் கூடுதலாகப் படித்திருந்தார்கள், உயர்நிலைப் பள்ளி முடித்தவர்களும் குறிப்பிடத்தக்க அளவு அதிகம். சின்ன விஷயம் இல்லை இது.

மெல்பர்னில் என் அக்கா உகாண்டாவில் ஒரு பையனை ஆதரிக்கிறார். அவன் கடிதம் வந்தால் அது குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்படும். ஒன்றில் ஆடு மாதிரி ஏதோ வரைந்து, கீழே "உங்கள் வீட்டுக் கோழிகள் நலமா?" என்று கேட்டிருந்தான். அக்கா வீட்டில் கோழி கிடையாது. எல்லார் வீட்டிலும் கோழி இருக்கும் என்று அவன் நினைத்திருக்கிறான். அன்றைக்கு அக்காவின் சின்ன மகள் உலகப் படத்தை எடுத்து உகாண்டா எங்கே என்று தேடினாள். அதற்கப்புறம் அந்த வீட்டு இராச் ஜெபத்தில் அவன் பெயர் விடுபட்டதே இல்லை.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. கடிதங்களை மொழிபெயர்க்க, சேர்க்க, சரிபார்க்க ஆட்கள் வேண்டும், அது உங்கள் பணத்திலிருந்துதான். சில அமைப்புகளில் உங்கள் தொகை அந்தக் குழந்தையின் கைக்குப் போகாமல் ஊர்ப் பொது வேலைக்குப் போகும். அது தவறில்லை, சேருமுன் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய ஆபத்து இதுதான்: நடுவில் நின்றுபோவது. 2017-இல் வெளிநாட்டு நன்கொடை விதிகளால் கம்பேஷன் இந்தியாவை விட்டுப் போனபோது சுமார் 1,45,000 குழந்தைகளின் ஆதரவு ஒரே அடியில் நின்றது. கொடுக்கிறவர் வேலை இழந்து நிறுத்தினாலும் அங்கே ஒரு பிள்ளைக்கு அதே கதிதான், பல அமைப்புகள் வேறு ஆளைத் தேடித்தரும் என்றாலும்.

வீட்டில் பிள்ளைகள் இருந்து, பத்துப் பன்னிரண்டு வருடம் விடாமல் கொடுக்க முடியும் என்றால் இது நல்ல வழி. மெல்பர்ன் குடும்பத்துக்கு இதையே சொல்வேன், கடிதம் எழுதுவதாக இருந்தால் மட்டும்.

## வழி 2: பொருளாக அனுப்புவது

2005 ஜனவரி. நாகப்பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் துணி மூட்டைகளைப் பிரிக்கும் வேலை எங்களுக்கு. கம்பளி ஸ்வெட்டர் வந்தது. கழுத்து டை வந்தது. ஒற்றைச் செருப்பு, பொத்தான் இல்லாத கோட்டு, வியர்வை வாடை போகாத சட்டைகள். கடலில் எல்லாம் பறிகொடுத்தவர்களுக்கு மாற்றுத்துணி தேவைதான், ஆனால் இது அது இல்லை. கீச்சாங்குப்பத்து அம்மா ஒருவர் ஒரு சேலையை எடுத்து, விரித்து, கிழிசலைப் பார்த்துவிட்டு மறுபடி அழகாக மடித்து வைத்தார். "வலை இருந்தா குடுங்க தம்பி. துணி நாங்க வாங்கிக்குவோம்" என்றார். பிரிக்கப்படாத மூட்டைகள் சாலையோரம் மழையில் நனைந்து கிடந்ததை அந்த மாதம் அந்தப் பக்கம் போன எல்லாரும் பார்த்திருப்பார்கள்.

நல்ல பொருள் கொடுத்தாலும் சிக்கல் வரும். சுனாமிக்குப் பிறகு ஆளாளுக்கு ஃபைபர் படகு கொடுத்தார்கள், பல இடங்களில் முன்பு இருந்ததை விடப் படகு அதிகமாகிவிட்டது. மீன் அதிகமாகவில்லை. எல் சால்வடாரில் குழந்தைகளுக்கு இலவசக் காலணி கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், அவர்கள் வாழ்க்கையில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. தங்கள் குடும்பத் தேவைகளை வெளியாட்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் மட்டும் கொஞ்சம் கூடியிருந்தது. மருந்து அனுப்ப நினைப்பவர்கள் உலக சுகாதார நிறுவனத்தின் விதியைப் படியுங்கள். போய்ச் சேரும்போது பொதுவாகக் குறைந்தது ஒரு வருடக் காலாவதி மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது.

திருந்திய கதையும் ஒன்று உண்டு. கனடாவில் 1983-இல் சபைகள் சேர்ந்து தொடங்கிய தானிய வங்கி, விவசாயிகள் தங்கள் வயலில் விளைந்த கோதுமையைப் பஞ்ச நாடுகளுக்குக் கொடுக்கும் ஏற்பாடாகத்தான் ஆரம்பித்தது. அரசும் தன் உணவு உதவியில் பெரும்பகுதி கனடாத் தானியமாகவே இருக்க வேண்டும் என்றது. கப்பலில் ஏற்றி அனுப்புவதை விடப் பஞ்சப் பகுதிக்குப் பக்கத்திலேயே வாங்கிக் கொடுத்தால் அதிகம் பேர் சாப்பிடலாம், அங்குள்ள உழவருக்கும் விலை கிடைக்கும் என்று அந்தச் சபைகளே கேட்டார்கள். 2008-இல் கனடா அரசு அந்த நிபந்தனையை முழுவதும் நீக்கியது. தங்கள் கோதுமைக்கு இருந்த இடத்தைத் தாங்களே விட்டுக்கொடுத்த விவசாயிகளை நினைத்தால் மனம் நிறைகிறது. கனடாவில் இருக்கும் தமிழ்ச் சபைகள் இந்த வங்கியைக் கட்டாயம் பார்க்க வேண்டும், குறிப்பிட்ட வரம்பு வரை ஒரு டாலருக்கு நான்கு டாலர் அரசு சேர்க்கிறது.

மற்றபடி பொருள் அனுப்புவது, அந்த ஊரார் பெயர் சொல்லிக் கேட்ட, அங்கே விலைக்குக் கிடைக்காத ஒன்றாக இருந்தால் மட்டும்.

## வழி 3: பத்து நாள் பயணம்

நான் படித்த போர்டிங் பள்ளிக்கு வருடா வருடம் வெளிநாட்டு விருந்தினர் வருவார்கள். அன்பானவர்கள், அதில் சந்தேகம் இல்லை. அவர்கள் வருகைக்கு இரண்டு வாரம் முன்பே கணக்கு வகுப்பு நின்று பாட்டுப் பயிற்சி ஆரம்பிக்கும். வார்டன் தன் அறையைக் காலி செய்து கொடுத்துவிட்டு வராந்தாவில் படுப்பார். போகும்போது எல்லாரும் அழுவோம், அடுத்த வருடம் வேறு ஆட்கள் வருவார்கள். விருந்தோம்பும் ஏழை ஊர் கொடுக்கிற இந்தச் செலவு எந்தப் பயண பட்ஜெட்டிலும் எழுதப்படுவதில்லை.

1998-இல் மிட்ச் புயல் ஹோண்டுராஸை அடித்துப்போட்ட பிறகு வட அமெரிக்கச் சபைக் குழுக்கள் போய் வீடு கட்டின. அங்கேயே வாழ்ந்த சமூகவியலாளர் கர்ட் வெர் பீக் பிறகு அந்தக் குடும்பங்களை விசாரித்தார். விருந்தினர் கட்டிய வீட்டுக்கும் உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்பு கட்டிய வீட்டுக்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு குழுவின் பயணச் செலவில் அங்கே பல வீடுகள் கட்டியிருக்கலாம், உள்ளூர்க் கொத்தனாருக்கும் கூலி கிடைத்திருக்கும்.

அநாதை இல்லம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையில் இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. அங்கிருந்த குழந்தைகளில் நாலில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். பார்வையாளர் வருகையும் பணமும் சேர்ந்துதான் குழந்தைகளை வீட்டிலிருந்து இல்லத்துக்கு இழுத்தன. சிங்கப்பூர்த் தம்பி தங்கைகளே, உங்கள் வாஞ்சை நல்லது. ஆனால் இந்தப் பயணம் வேண்டாம். குழந்தைகளைத் திரும்பப் பெற்றோரிடம் சேர்த்து, குடும்பத்துக்கு உதவி செய்கிற அமைப்புகள் அங்கே இருக்கின்றன. டிக்கெட் பணம் அவர்களுக்குப் போகட்டும்.

எப்போது போகலாம்? அங்கே இல்லாத ஒரு கைத்தொழில் உங்கள் கையில் இருந்து, அதை அங்குள்ளவருக்குக் கற்றுக்கொடுக்கவும், அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகவும் நீங்கள் தயாராக இருந்தால். மயக்க மருந்து நிபுணர், பல் மருத்துவர், ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்ப்பவர் போன்றவர்களைச் சொல்கிறேன்.

## வழி 4: கையில் பணம்

ஏழைக்குப் பணம் கொடுத்தால் குடித்துவிடுவான் என்ற பயம் நம்மவர்களுக்கு ஆழமாக இருக்கிறது. கென்யாவில் கிவ்டைரக்ட்லி என்ற அமைப்பு (கிறிஸ்தவ அமைப்பு அல்ல) கைப்பேசி வழி எம்-பெசாவில் நேரடியாகப் பணம் போட்டதை ஆராய்ந்தபோது, சாராயத்துக்கும் புகையிலைக்கும் செலவு கூடவில்லை. மாடும் கூரைத் தகரமும் வாங்கியிருந்தார்கள். இப்போது கிறிஸ்தவ நிவாரண அமைப்புகளும் உக்ரைன் போன்ற இடங்களில் பணமாகவே கொடுக்கின்றன.

பேரிடர் முடிந்து கடைகள் திறந்ததும் இதைப் போல வேகமான வழி வேறில்லை. கடையில் சரக்கே இல்லாத பஞ்ச இடத்தில் உதவாது. பக்கத்து வீட்டுக்குக் கிடைத்து தனக்குக் கிடைக்காதவரின் மனக்கசப்பும் உண்டு. காங்கோவில் இதே அமைப்பின் பணத்தில் ஒரு பெருந்தொகையை உள்ளிருந்தவர்களே திருடியதும் நடந்தது. அமைப்பே அதை வெளியில் சொன்னது.

## வழி 5: ஒரு மருத்துவமனை, ஒரு பயிற்சிப் பள்ளி, பல வருடம்

என் மனம் சாய்வது இதன் பக்கம். காரணம், நாமே இதன் கனியைச் சாப்பிட்டவர்கள்.

1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் நோயாளிகளைப் பார்த்ததோடு நிற்கவில்லை. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு மருத்துவம் கற்றுக்கொடுத்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசு வேலைக்குப் போய்விடுவதைப் பார்த்தார். கிராமத்திலேயே தங்கும் வைத்தியர்கள் வேண்டும் என்று மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே வகுப்பு நடத்தினார். தன் கல்லறைக் கல்லில் தமிழர்களுக்கு மருத்துவ ஊழியர் என்று எழுதச் சொன்னவர் அவர். வேலூரில் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்தார். 1909-இல் நர்ஸ் பள்ளியும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் வந்தன. கொடுத்தவர்கள் போன பிறகும் அங்கே வைத்தியம் நடக்கிறது. நிறுத்தினால் என்ன மிஞ்சும் என்ற மூன்றாவது அளவுகோலுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

இதே மாதிரி இன்று நடப்பதற்கு எத்தியோப்பியாவைச் சொல்வேன். கேத்தரின் ஹாம்லின், ரெஜினால்ட் ஹாம்லின் என்ற மருத்துவத் தம்பதி 1959-இல் மூன்று வருட ஒப்பந்தத்தில் போய், அங்கேயே தங்கிவிட்டார்கள். பிரசவம் நாட்கணக்கில் இழுத்து, உள்ளே கிழிந்து, சிறுநீர் கசிவோடு வீட்டை விட்டு ஒதுக்கப்பட்ட பெண்களுக்காக 1974-இல் அடிஸ் அபாபாவில் மருத்துவமனை கட்டினார்கள். அங்கே நோயாளியாக வந்தவர் மாமிட்டு காஷே. பள்ளிக்கூடமே போகாதவர். குணமானபின் அங்கேயே தங்கி, அறுவை அறையில் கருவி எடுத்துக்கொடுக்க ஆரம்பித்து, பார்த்துப் பார்த்துக் கற்று, பிறகு தானே அந்த அறுவைச் சிகிச்சையைச் செய்கிறவரானார். 2007-இல் கிராமங்களுக்கு மருத்துவச்சிகளை அனுப்ப ஒரு கல்லூரியும் வந்தது. கேத்தரின் 2020-இல் அடிஸ் அபாபாவிலேயே கண்மூடினார்.

இந்த வழிக்கும் குறை உண்டு. குளிர்பதனப் பெட்டியில் ஒட்ட ஒரு முகம் கிடைக்காது. பலன் தெரியப் பத்து வருடம் ஆகும், அதற்குள் கமிட்டி மூன்று முறை மாறிவிடும். ஒரே ஒரு மேலாளரை நம்பி இருக்கும் இடமாக இருந்தால் அவர் போனதும் எல்லாம் போகும். அங்கே ஆடிட் இல்லையென்றால் கொடுக்காதீர்கள்.

| வழி | முடிவெடுப்பவர் | நிறுத்தினால் | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|
| குழந்தை ஆதரவு | அமைப்பு | ஒரு பிள்ளை தவிக்கும் | பிள்ளைகள் உள்ள குடும்பம் |
| பொருள் | கொடுப்பவர் | ஒன்றும் மிஞ்சாது | கேட்டுப் பெற்ற அரிய பொருள் |
| பயணம் | கொடுப்பவர் | நினைவு | கைத்தொழில் உள்ளவர் |
| கையில் பணம் | வாங்குபவர் | வாங்கிய மாடு நிற்கும் | பேரிடர் காலம் |
| நெடுநாள் கூட்டு | உள்ளூர் நிர்வாகம் | பயின்றவர்கள் இருப்பார்கள் | சபைகள் |

## தூத்துக்குடிப் பொருளாளருக்கு

ஐயா, 2 லட்சத்தைச் சபைக் கணக்கிலிருந்து அனுப்புவதற்கு முன் ஆடிட்டரைப் பாருங்கள். அனுமதி இழுக்கும் என்றால் இரண்டு வழி இருக்கிறது. குடும்பங்கள் தங்கள் பெயரில் தனித்தனியாக அனுப்பலாம், அப்போது சபைப் பணத்தைத் தொட வேண்டாம், ஒதுக்கியதை அடுத்த வருடத்துக்கு வையுங்கள். இல்லையென்றால், ஆப்பிரிக்காவிலிருந்து நம் ஊர் நர்சிங் கல்லூரிகளுக்குப் படிக்க வந்து கட்டணத்துக்குத் திண்டாடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பணம் இங்கேயே செலவாகும், படித்தவர் அங்கே போவார். இது உங்கள் டிரஸ்ட் விதிக்குள் வருமா என்பதையும் ஆடிட்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரடியாக ஒரு மருத்துவமனையோடு சேரத் தீர்மானித்தால், முதல் கடிதத்தில் தொகையைப் பற்றி எழுதாதீர்கள். போன வருடம் எத்தனை பேர் பயிற்சி முடித்தார்கள், அவர்களில் எத்தனை பேர் அதே மாவட்டத்தில் வேலை செய்கிறார்கள், அடுத்து என்ன தேவை என்று அவர்கள் நினைக்கிறார்கள் என்று மட்டும் கேட்டு எழுதுங்கள். பதில் வந்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.